பொட்டு வைக்கிற பொற்கொடி

நெய்வேலியில் மனிதர்கள் இரண்டே சாதிதான், பர்மனென்ட், கான்ட்ராக்ட், மற்றதெல்லாம் அப்புறம் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பர்மனென்ட்காரர்கள். பொற்கொடிக்கு எந்தக் கணக்கில் பார்த்தாலும் கடைசி வரிசைதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் காலம் தள்ளியவர்கள். கட்டிக்கொண்ட அய்யனார் சுரங்கத்தில் பதினாலு வருஷமாகக் கான்ட்ராக்ட். குடியிருந்தது டவுன்ஷிப் சுவருக்கு வெளியே, தகரம் போட்ட ஒற்றை அறை வீட்டில். உள்ளே அகலமான ரோடு, நிழல், குவார்ட்டர்ஸ். காலையில் அவள் உள்ளே போய் ஒரு பிளாக் முழுக்கப் பெருக்கிவிட்டு வெளியே வருவாள்.

ஆனால் அவளிடம் ஒரு சொத்து இருந்தது. பிளஸ் டூ வேதியியலில் இருநூற்றுக்கு நூற்று எழுபத்தொன்று. அதற்கு மேல் படிக்க வைக்க ஆளில்லை. அந்த மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோ இல்லாத வீட்டில் அரிசி டின்னுக்குள் பத்து வருஷத்துக்கு மேல் காப்பாற்றினாள். 2012-ல் வடலூர் போகிற வழியில் துத்தநாகக் கம்பெனி ஒன்று வந்து, லேப்புக்கு ஆள் வேண்டும் என்று சொன்னபோது டின்னைத் திறந்தாள். துடைப்பம் போய்க் கண்ணாடிக் குச்சி கைக்கு வந்தது.

கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். இரண்டு ஷெட், நாலைந்து தொட்டி, காம்பவுண்டு சுவர். இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு போடுகிற பட்டறைகளில் மிஞ்சும் சாம்பலை மூட்டை மூட்டையாக வாங்கி, அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி, வெள்ளை உப்பாக்கி விற்பார்கள். வயலுக்கு உரம், மாட்டுக்குத் தீவனம். இதில் ஒரே எதிரி இரும்பு. சாம்பலோடு கூடவே வந்து கரைந்துவிடும். அதை எடுக்காமல் விட்டால் உப்பு மஞ்சள் பாரித்து, ஒருவனும் வாங்க மாட்டான்.

மற்ற கம்பெனிகளில் சுண்ணாம்பைக் கொட்டி இரும்பைச் சேறாக இறக்குவார்கள். சேற்றோடு துத்தநாகமும் கொஞ்சம் போய்விடும். அது பொறுக்காத இந்த முதலாளி எண்ணெய்ப் பெட்டிகளை இறக்கினார். மண்ணெண்ணெயில் ஒரு மருந்தைக் கலந்து, கரைசலோடு சேர்த்து ஒரு பெட்டியில் கடைவது. அடுத்த பெட்டியில் அசையாமல் நிற்க விடுவது. எண்ணெய் மேலே ஏறும், தண்ணீர் கீழே தங்கும். இரும்பு எண்ணெயோடு போய்விடும், துத்தநாகம் தண்ணீரிலேயே இருந்துவிடும். பிறகு எண்ணெயைக் கடும் அமிலத்தில் அலசினால் இரும்பைக் கக்கிவிட்டு மறுபடி வேலைக்கு வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இரும்பு இரண்டு வேஷத்தில் வரும். ஒரு வேஷத்தை எண்ணெய் பிடிக்கும், இன்னொன்றைச் சீண்டக்கூட மாட்டாது. அதனால் முதல் தொட்டியிலேயே பெராக்சைடு ஊற்றி, எண்ணெய் பிடிக்கிற வேஷத்துக்கு எல்லா இரும்பையும் மாற்றிவிட வேண்டும்.

பெட்டிகளைத் தாண்டி வருகிற தண்ணீரில் இரும்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பொற்கொடியின் வேலை. வெள்ளை ஓடு ஒன்றை மேஜைமேல் வைத்திருப்பாள். அதில் தண்ணீர் ஒரு சொட்டு, பெராக்சைடு ஒரு சொட்டு, கடைசியாக இரும்பைக் காட்டிக்கொடுக்கும் மருந்து ஒரு சொட்டு. இரும்பு இருந்தால் ஓட்டில் குங்குமமாகச் சிவக்கும். அந்த மருந்துக்கும் ஒரு வேஷம்தான் கண்ணுக்குத் தெரியும், ஆகவேதான் நடுவில் பெராக்சைடு. ஆட்கள் இதற்குப் பொட்டு வைக்கிறது என்று பேர் வைத்துவிட்டார்கள். ஊரில் பொட்டு சிவந்தால் மங்கலம். இங்கே சிவந்தால் எல்லாத் தண்ணீரும் மறுபடி முதல் தொட்டிக்கு. சிவக்கவில்லை என்றால் சீட்டில் ஓகே எழுதுவாள், காய்ச்சுகிற தொட்டிக்குப் போகும்.

பெட்டிகளை ஓட்டியவர் பழனிவேல். ஐம்பத்தி நாலு வயது. குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போனதற்கு ஈடாக வந்த வேலை அண்ணனுக்குப் போக, இவர் பதினெட்டு வருஷம் கான்ட்ராக்டிலேயே கிடந்துவிட்டு இங்கே வந்தவர். அவரைப் போல ஜாக்கிரதையான ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. வால்வை மூடும்போது எத்தனை சுற்று என்று வாய்விட்டு எண்ணுவார். மூடிவிட்டுக் கீழே உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார், ஒழுகுகிறதா என்று. குறிப்பாக பைபாஸ் வால்வை. சுத்தம் பண்ணாத தண்ணீர் நேராகச் சுத்தத் தண்ணீரில் போய்ச் சேருகிற குறுக்குவழி அது. தொட்டி கழுவும்போது மட்டும்தான் திறக்க வேண்டும்.

"பொற்கொடி பொட்டு வெச்சா கோர்ட்டுல தீர்ப்பு சொன்ன மாதிரி. அப்பீலே கெடயாது" என்பார் மற்றவர்களிடம்.

"சும்மா இருங்கண்ணே" என்பாள் அவள். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். பெருக்குகிற காலத்தில் அவள் செய்த வேலையை யாரும் அப்படிப் பேசியதில்லை.

அவளுக்கென்று ஒரு பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு பேட்ச் தண்ணீரிலும் கொஞ்சம் எடுத்து, காலி இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி, பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதி, மேஜைக்கு அடியில் அடுக்கிவிடுவாள். யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. மார்க் ஷீட்டை அரிசி டின்னில் வைத்தவள் அல்லவா, எதையும் தூக்கிப் போட மனசு வராது.

2015 கார்த்திகையில் வெள்ளம் வந்தது. கடலூர்ப் பக்கம் ஊரே மிதந்தது. சுரங்கத்தில் தண்ணீர் நின்று அய்யனாருக்கு மூன்று வாரம் வேலையில்லை. மகள் இசைப்பிரியா பிளஸ் டூ. வீட்டில் உலை வைப்பது பொற்கொடியின் சம்பளம் ஒன்றுதான். கம்பெனிக்கு வழக்கமாக வரும் லாரிகள் வரவில்லை. பெராக்சைடு கேனில் அடிமட்டத்தில் கொஞ்சம்தான் இருந்தது. மேனேஜர் ராஜேந்திரன் வந்து, "இனிமே இது தொட்டிக்கு மட்டும்தான். ஒரு சொட்டு வேற எதுக்கும் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுடைய மேஜையில் இருந்த சின்ன பாட்டிலில் பெராக்சைடு கால்வாசிதான் மிச்சம். கேட்டிருக்கலாம். கேட்டுப் பழகாத ஜனம். நாலு பேர் எதிர்பாராமல் வந்து நின்றால் மோரில் தண்ணீர் விட்டுப் பெருக்குகிற கை அது. குழாயில் பிடித்து அந்த பாட்டிலை நிரப்பினாள். கொஞ்சம் வீரியம் குறையும், ஒரு சொட்டுக்கு இரண்டு சொட்டாக விட்டால் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள். துருப்பிடித்த குழாய் அது. அந்தத் துரு பட்டால் பெராக்சைடு இரண்டொரு நாளில் செத்துத் தண்ணீராகிவிடும் என்பது நூற்று எழுபத்தொன்று வாங்கிய பாடத்திலேயே இருந்திருக்கும். அடுப்படிக் கை முந்திக்கொண்டது. அது செத்தது அவளுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி பேட்ச். சாம்பல் வழக்கமான இடத்திலிருந்து வரவில்லை. வேறெங்கிருந்தோ வந்த அதில் இரும்பு அதிகம். பழனிவேல் எழுதிவைத்த அளவுப்படிதான் பெராக்சைடு ஊற்றினார், அது போதவில்லை. மிஞ்சிய இரும்பை எண்ணெய் சீண்டவில்லை. போதவில்லை என்று சொல்ல வேண்டியது பொற்கொடியின் ஓடு. அது வெள்ளையாகவே இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தாள். வெள்ளைதான். ஓகே எழுதினாள்.

"சொன்னேன்ல, தீர்ப்பு" என்று சீட்டை வாங்கிக்கொண்டு போனார் பழனிவேல். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து மூன்று நாளாகத் தூங்காத கண்ணோடு, ஆள் வராததால் டபுள் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர்.

பொங்கல் கழித்து, அந்த பேட்ச் உப்பை ஏற்றிக்கொண்டு போன லாரி திரும்பி வந்தது. மூட்டையைப் பிரித்தால் உப்பு மஞ்சள் கிண்டிய சோறாக இருந்தது. முழு லோடும் வீண். ராஜேந்திரன் முதலில் பொற்கொடியைத்தான் கூப்பிட்டார்.

"டெஸ்ட் ஒழுங்கா பண்ணியா?"

"பண்ணேன் சார். ரெண்டு வாட்டி பண்ணேன்."

"இரும்பே இல்ல?"

"இல்லீங்க சார்."

மனமறிந்து அவள் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்த உண்மை அதுதான். ஆனால் அந்த உண்மை நேராகப் போய்ப் பழனிவேலின் கழுத்தில் விழுந்தது. டெஸ்ட் பண்ணும்போது இரும்பு இல்லை என்றால், அதற்கப்புறம்தான் இரும்பு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி பைபாஸ் வால்வு. அதைத் தொடுகிறவர் பழனிவேல் ஒருவர்தான். கணக்கு முடிந்தது. கவனக்குறைவாக வால்வைத் திறந்து வைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வேலையோடு போச்சு, இல்லாவிட்டால் பெராக்சைடைத் திருடி விற்றதாகப் போலீசில் கொடுப்பேன் என்றார் ராஜேந்திரன். பழனிவேல் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு நடந்து போனார். கேட் வரைக்கும் கூடப் போக ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. பொற்கொடியும் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து, தன் மனசு ஆறட்டும் என்றுதான் மேஜைக்கு அடியிலிருந்து அந்த ஒன்பதாம் தேதி பாட்டிலை எடுத்தாள். அதற்குள் பெராக்சைடு புதுக் கேன் வந்திருந்தது, அவளுடைய பாட்டிலும் மாறியிருந்தது. தண்ணீர் ஒரு சொட்டு, பெராக்சைடு ஒரு சொட்டு, மருந்து ஒரு சொட்டு. ஓடு ரத்தமாகச் சிவந்தது. கழுவிவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவந்தது. அப்போதுதான் குழாயடியும், தண்ணீர் பிடித்த தன் கையும் ஞாபகம் வந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த வால்வு மூடித்தான் இருந்தது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நாம் கேட்கலாம். கேட்பது சுலபம். சொன்னால் அவளுக்கு வேலை போகும். மறுபடி துடைப்பம் கிடைப்பதும் நிச்சயமில்லை. அய்யனாருக்கு அப்போதும் மாதத்தில் பாதி நாள்தான் வேலை. மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. பரீட்சை முடியட்டும், சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே தவணை கொடுத்துக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை, கோழை. ஏழையின் கோழைத்தனத்துக்குக் காரணம் எப்போதும் கைவசம் இருக்கும், அது நியாயமான காரணமாகவும் இருந்து தொலைக்கும்.

பாட்டிலைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிசி டின்னில் மார்க் ஷீட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேனேஜரிடம் சொல்லாவிட்டாலும் அவரிடமாவது சொல்லிவிடுவோம் என்று பழனிவேல் வீட்டுக்குப் போனாள். வாசல் குழாயோடு அவர் சம்சாரம் சின்னம்மாள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாண்ணி, குழாய் ரிப்பேரா?"

"ரிப்பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்கண்ணன் பண்ற வேல. ஸ்பேனர போட்டு முறுக்கி வெச்சிகினு இருக்காரு. ஒரு கொடம் தண்ணி புடிக்கணும்னா அவரத்தான் கூப்புடணும். கேட்டா ஒழுவுது ஒழுவுதுன்றாரு. ஒரு சொட்டு ஒழுவல."

உள்ளே பழனிவேல் உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். பொற்கொடி வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"நீ வருத்தப்படாதம்மா. நீ உள்ளதத்தான் சொன்ன. மொதல்ல எனக்கும் கோவம்தான், நான் தொறக்கலயேன்னு. அப்புறம் யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். நீ ரெண்டு வாட்டி பொட்டு வெச்சிருக்க. உன் பொட்டு தப்பாது. அப்ப நான்தான் தொறந்து வெச்சிருக்கணும். தூக்கக் கலக்கம். எண்ணாம வுட்டுட்டேன் போல."

தன் தப்பைச் சொல்ல வந்தவளிடம், செய்யாத தப்பை அந்த மனிதர் ஒப்புக்கொண்டிருந்தார். அதுவும் அவள்மேல் வைத்த நம்பிக்கையால். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சின்னம்மாள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். பொற்கொடி டீயைக் குடித்தாள், பேச்சை மென்று விழுங்கினாள், எழுந்து வந்துவிட்டாள்.

மார்ச் போயிற்று. பரீட்சை முடிந்தது. ஏப்ரல் போயிற்று. மே மாதம் ரிசல்ட் வந்தது. இசைப்பிரியா வேதியியலில் அம்மாவை விட ஆறு மார்க் அதிகம். மகள் மார்க் ஷீட்டை வைக்க அரிசி டின்னைத் திறந்தவள், பாட்டிலைக் காட்டி, "என்னாம்மா இது, இருமல் மருந்தா?" என்றாள். பொற்கொடி பாட்டிலைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக ராஜேந்திரன் முன்னால் போய் நின்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் கலந்தது, ஓடு வெள்ளையாக இருந்தது, பாட்டில், சிவந்தது. என்னை நிறுத்திவிட்டு அவரைத் திரும்ப எடுங்கள் என்றும் சொன்னாள்.

ராஜேந்திரன் பேனாவை மூடி வைத்தார். "முடிஞ்சுபோன கதய ஏம்மா கிளர்ற? அவனே கைப்பட எழுதிக் குடுத்துட்டான். நானும் ஆபரேட்டர் தப்புன்னு முதலாளிக்கு ரிப்போர்ட் அனுப்பியாச்சு. இப்ப நீ வந்து வேற சொன்னா, நான் விசாரிக்காம அனுப்புனேன்னு ஆவும். அந்த எடத்துக்கும் ஆள் போட்டாச்சு."

"என்னய என்னா சார் பண்ணப் போறீங்க?"

"உன்னய என்னா பண்றது? லேப்புக்கு வேற யாரு இருக்கா? போ, போய் வேலயப் பாரு. பாட்டில கீழ கொட்டிடு."

அவ்வளவுதான். நாலு மாதம் எதற்குப் பயந்து செத்தாளோ அது நடக்கவே இல்லை. வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை, திட்டுக்கூட விழவில்லை. ஜனவரியிலேயே, அந்த இடத்துக்கு ஆள் போடுவதற்கு முன் சொல்லியிருந்தால், ஒருவேளை தனக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, பழனிவேலும் கேட்டுக்குள் திரும்பி வந்திருப்பார். அந்த நினைப்பு வந்ததும் லேப்பில் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டில், பெராக்சைடு, மருந்து, ஓடு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு பழனிவேல் வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் அவர் முன்னால் தரையில் பரப்பினாள். சின்னம்மாளும் வந்து நின்றாள்.

"அண்ணே, இது அந்த ஒம்பதாம் தேதி தண்ணி. நீங்க காய்ச்சுற தொட்டிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நான் புடிச்சது. இப்பப் பாருங்க" என்று பொட்டு வைத்தாள். ஓட்டில் இரண்டு இடத்தில் வைத்தாள். பெராக்சைடு இல்லாமல் வைத்த இடத்தில், இத்தனை மாதம் காற்று பட்டதில், நிறம் லேசாகத்தான் வந்தது. பெராக்சைடு விட்ட இடம் சிவந்து, ஓரம் வரைக்கும் பரவியது.

"நீங்க வால்வ தொறக்கல. அன்னிக்கே இரும்பு இருந்திருக்கு. என் பெராக்சைடுல கொழாத் தண்ணி கலந்துட்டேன், அது செத்துப்போயி எனக்குக் காட்டல. தப்பு முழுக்க என்னுது. ஜனவரியிலயே எனக்குத் தெரியும்ணே. பயந்துகினு சொல்லல. காலுல வேணா விழுறேன்."

சின்னம்மாளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "ஜனவரியிலயா? அன்னிக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போனியேடி, அப்பவே தெரியுமா? இந்த மனுசன் சோறு தண்ணி எறங்காம கெடந்தாரே, நானும் என் வாயால எத்தினி பேச்சு பேசியிருப்பேன், பொறுப்பில்லாத மனுசன்னு!" சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பழனிவேல் மட்டும் கோபப்படவில்லை. ஓட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எனக்கோசரம் உன் வேலய வுடப் பாத்தியா? மேனேஜர்கிட்டயும் போய்ச் சொன்னியாமே, பசங்க சொன்னானுங்க. நல்ல மனசும்மா உனக்கு. ஆனா பொய் சொல்லத் தெரியல. நீயாவது, டெஸ்டு மருந்துல தண்ணி ஊத்தறதாவது! இது வேற பாட்டிலா இருக்கும்."

"இல்லண்ணே. சத்தியமா நான்தான் ஊத்துனேன்."

"நான் பாத்தேன்மா அந்த வால்வ. முன்னெல்லாம் ஞாபகம் வரல, இப்ப கண்ண மூடுனா நல்லாத் தெரியுது. கால் சுத்து தொறந்துகினு இருக்குது. தண்ணி போவுது. நான் பாத்துகினே நிக்கிறேன்."

நடக்காத ஒன்று, நாலு மாதத்தில் அவர் கண்ணுக்குள் நடந்து முடிந்திருந்தது. அவள் எவ்வளவோ சொன்னாள். மறுபடி பொட்டு வைத்தாள். தன் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்றாள். அவர் குழந்தையைச் சமாதானப்படுத்துவது போல, சரி சரி என்று தலையாட்டினார். அந்தச் சரியில் நம்பிக்கை துளியும் இல்லை.

ஓட்டையும் கையையும் கழுவ வாசல் குழாய்க்கு வந்தாள். விரலெல்லாம் சிவப்பு. குழாயைத் திருகினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகிப் பார்த்தாள்.

"இரும்மா, அது வராது" என்று பழனிவேல் ஸ்பேனரோடு வந்தார். திறந்துவிட்டார். அவள் கழுவி முடிக்கும் வரை பக்கத்திலேயே பொறுமையாக நின்றார். பிறகு ஸ்பேனரைப் போட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே மூடினார். குழாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். கை காய்ந்தே இருந்தது. மறுபடி ஸ்பேனரைப் போட்டு இன்னொரு முறுக்கு முறுக்கினார்.